சம்பந்தி எறிந்த கல்

தூண்டில் தக்கை அசையவில்லை. அசையாவிட்டால் என்ன, அது பாட்டுக்கு நிற்கட்டும், வெயில் இன்னும் ஏறவில்லை, பாறை இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, அந்தக் குளிர்ச்சி வேட்டிக்கு அடியிலிருந்து மெல்ல ஏறி இடுப்புக்கு வருகிறது, வாரம் முழுக்க வலிக்கிற இடுப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வலிப்பதில்லை. இப்படி ஒரு காலையும் இப்படி ஒரு பாறையும் யாருக்குக் கிடைக்கும். மேலே அணை, கீழே ஆறு, ஆற்றுக்கு நடுவே நான். அங்கே ஏரி மாதிரி தேங்கிக் கிடக்கிற தண்ணீரையெல்லாம் அந்தச் சுவர் பிடித்து வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் கணுக்கால் அளவுக்கு விட்டிருக்கிறது, அந்தத் தயவில்தான் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே இந்தப் பாறைக்கு வர முடிகிறது, பாறைக்கு அந்தப் பக்கம் மடு, மடுவுக்குள் மீன், மீனுக்கு மேலே என் தக்கை. மைதா உருண்டையில் கொஞ்சம் வெல்லம் சேர்த்துப் பிசைந்திருக்கிறேன். கெண்டைக்கு இனிப்பென்றால் உயிர், என்னைப் போல. கொஞ்சம் பொறுத்தால் வரும். வந்தே தீரும். இதோ தக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் குழிந்து வட்டம் வட்டமாக விரிகிறது, வந்துவிட்டது என்று கை தூண்டில் ராடை இறுக்கிப் பிடிக்கிறது, இல்லை, மீன் இல்லை, கல். மறுபடியும் கல். எனக்குத் தெரியும் யார் வேலை என்று. திரும்பிப் பார்க்கிறேன், கரையில் நீர்மருத மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற நாச்சிமுத்து, என் மகள் கோகிலாவின் மாமனார், பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டுகிறார். டீ வேண்டுமா என்று கேட்கிறாராம். அதற்கு என் மடுவில் கல்லைப் போட வேண்டுமா. தூண்டில் பிடிக்கத் தெரிந்த எவனாவது தண்ணீரில் கல்லைப் போடுவானா, சின்னப் பையன் போட்டால்கூட முதுகில் ஒன்று வைக்கலாம், சம்பந்தியை என்ன செய்ய முடியும். வேண்டாம் என்று கையை ஆட்டி ஒரு சிரிப்பும் சிரிக்கிறேன். பெண்ணைக் கொடுத்தவன் சிரித்துத்தான் ஆகவேண்டும்.

நல்ல மனிதர்தான். அதில் ஒன்றும் குறை சொல்ல முடியாது, குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் என் கட்டைவிரலைப் பார்த்தார், விரலில் முள் குத்திய தழும்பு, 'தூண்டில் போடுவீங்களாட்ட இருக்குதுங்க' என்று தணிந்த குரலில் கேட்டார், தன் விரலையும் காட்டினார், அங்கேயும் அதே தழும்பு. பவுன், சீர் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நாங்கள் இருவரும் மண்புழு நல்லதா மைதா நல்லதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 'அந்தச் சம்பந்தம் அப்பவே முடிஞ்சு போச்சு, பொறகுதான் கொழந்தைகளக் கேட்டாங்க' என்று என் மனைவி வசந்தாமணி இன்றைக்கும் ஒறம்பரையாக வருகிற சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு ரீல் ராடு வாங்கிக் கொடுத்தார், ஒரே நிறம், ஒரே நீளம், வித்தியாசம் பார்க்கக்கூடாது என்று. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆறுதான். ஆற்றிலும் சம்பந்தி சம்பந்திதான், நீங்க வாங்க போங்கதான், ஒருமுறை பாசியில் வழுக்கி நான் விழுந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோதும் 'பாத்து எந்திரிங்க சம்பந்தி' என்றாரே தவிர வேறு வார்த்தை வரவில்லை. அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினதே இல்லை. முன்பெல்லாம் என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் விசில்தான், ஒரு விசில் என்றால் டீ, இரண்டு என்றால் கிளம்பலாம், ரைட் போகலாம் என்பது போல. அது நன்றாகத்தான் இருந்தது. பொங்கலுக்குப் பிறகு என்னவோ விசிலை விட்டுவிட்டார், கல்லைப் பிடித்துக்கொண்டார். விசில் பழுதாகிவிட்டதோ, ஊத அலுத்துவிட்டதோ, கேட்கவும் கூச்சம். அதே சமயத்தில்தான் இடத்தையும் மாற்றினார். எனக்குக் கீழே அருமையான பாறை அவருடையது, ஜிலேபி மீன் கூட்டமாக வரும், அதை விட்டுவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டார், அங்கே முழங்கால் தண்ணீர்கூடக் கிடையாது, தவளை வேண்டுமானால் பிடிக்கலாம். முட்டி வலி என்றார். மீன் கிடைக்காத எரிச்சலில்தான் என் மடுவில் கல் விழுகிறது என்று எனக்கு ஒரு கணக்கு. நல்ல மனிதருக்குள்ளும் கொஞ்சம் பொறாமை இருக்கும் இல்லையா, இருந்துவிட்டுப் போகட்டும், மகளை நன்றாக வைத்திருக்கிறார்கள், அவள் ஆறு மாதம் படுத்துக் கிடந்தபோது சம்பந்தியம்மா வெந்நீர் வைத்து ஊற்றினார், அதற்காக எத்தனை கல் வேண்டுமானாலும் போடட்டும்.

தக்கை நிற்கிறது. தண்ணீர் ஓடுகிறது, ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன். கேட்கிறது. கேட்கிற மாதிரி இருக்கிறது. இல்லை, அது காதுக்குள் எப்போதும் இருக்கிற ங்ங்ங் என்கிற அந்த இரைச்சல்தான், தூங்கும்போதும் அது, எழும்போதும் அது, விசைத்தறிக்கூடத்தை விற்று இத்தனை காலம் ஆகிவிட்டது, தறி மட்டும் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, கரண்ட் பில் இல்லாமல். அந்தத் தறிதான் சோறு போட்டது, கோகிலாவைப் படிக்க வைத்தது, கட்டிக் கொடுத்தது, அதைத் திட்ட எனக்கு மனசு வராது, கொடுத்ததற்குக் கூலியாகக் காதை எடுத்துக்கொண்டது, போகட்டும். முதலில் குருவிகள் போயின. பிறகு குக்கர் விசில். பிறகு பேத்தி. அவள் வாய் அசைகிறது, கண் விரிகிறது, கதை சொல்கிறாள் என்று தெரிகிறது, 'அப்படியா கண்ணு' என்கிறேன், அவள் ஏதோ கேள்வி கேட்டிருக்கிறாள், அப்படியா என்பது பதில் இல்லை. வசந்தாமணிக்குத் தெரியாது. 'ஏனுங்க, கூப்புட்டது கேக்கலீங்களா?' என்றால் ரோசனையில் இருந்தேன் என்று சொல்லிவிடுவேன், இந்த ஆளுக்கு எப்போதும் ரோசனைதான் என்று அவளும் விட்டுவிடுவாள். தறிக்கூடத்துக்காரனை அவ்வளவு சுலபத்தில் கண்டுபிடிக்க முடியாது, தறி ஓடும்போது எவன் காதால் கேட்டான், உதட்டைப் பார்த்துத்தான் எல்லாமே, நூல் அறுந்தது, சம்பளம் எப்போது, மத்தியானம் என்ன குழம்பு, எல்லாம் உதடு. எதிரே உட்கார்ந்து பேசினால் நான் எதையும் விடமாட்டேன். ஆனால் சொல்லிவிடலாம்தான். சொன்னால் என்ன ஆகும். சொன்னால் முதலில் போவது ஆறு. தண்ணி தொறந்து வுடற ஆத்துல காது கேக்காதவருக்கு என்னங்க வேலை என்று ராடை எடுத்துப் பரணில் போட்டுவிடுவாள், அவள் சொல்வது நியாயமாகவும் இருக்கும், அதுதான் கஷ்டம். அணையில் மதகைத் திறக்கும் முன் சங்கு ஊதுவார்கள். ஊதினால் கரை ஏறிவிட வேண்டும், கணுக்கால் தண்ணீர் இடுப்புக்கு வரும், இடுப்பு கழுத்துக்கு வரும். போன கோடையில் எனக்கு அது கேட்டது. தீபாவளிக்குப் பக்கம் தூரத்தில் யாரோ ஊதுகிற மாதிரி லேசாகக் கேட்டது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, கண்ணால்தான் பார்க்கிறேன். அக்கரையில் துணி துவைக்கிற பெண்கள் சட்டென்று தலை நிமிர்ந்து, துணியைச் சுருட்டிக் குண்டாவில் போட்டுக்கொண்டு மேலே ஏறினால் சங்கு ஊதியாயிற்று என்று பொருள். நானும் ராடைச் சுற்றிக்கொண்டு எல்லோரையும்போல எழுந்துவிடுவேன். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது, என் உயிர் அவர்கள் குண்டாவில்தான் இருக்கிறது, நன்றாக இருக்கட்டும்.

இன்றைக்கு அக்கரையில் யாருமே இல்லை. வந்தவுடனேயே பார்த்திருக்க வேண்டும். வெல்லம், மைதா, முள், தக்கை என்று மும்முரத்தில் அக்கரையைப் பார்க்கவே இல்லை, இப்போதுதான் பார்க்கிறேன், துவைகல் காய்ந்து கிடக்கிறது, ஒரு கொக்கு அதன்மேல் நிற்கிறது. பண்ணாரி அம்மன் கோயிலில் திருவிழா. ஊரே அங்கே போயிருக்கும், வசந்தாமணியும் ராத்திரியே போய்விட்டாள், எனக்கு இது தெரியாதா, தெரியும், கோயிலையும் துவைகல்லையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை. எழுந்து கரைக்குப் போய்விடலாம். போய்விட்டு? ஏன் எழுந்துவிட்டீர்கள் என்று சம்பந்தி கேட்பார், இடுப்பு வலி என்று சொல்லலாம், அடுத்த வாரம் என்ன சொல்வது. இல்லை, இன்றைக்குத் திருவிழா நாள், மதகைத் திறக்க மாட்டார்கள், அப்படி ஏதாவது சட்டம் இருக்கிறதா, தண்ணீருக்கு ஏது திருவிழா. ங்ங்ங். இது என்ன, இது உள்ளே ஓடுகிறதா வெளியே ஊதுகிறார்களா. தலையைச் சாய்த்துப் பார்க்கிறேன். இரண்டு காதையும் பொத்திப் பார்க்கிறேன், ங்ங்ங், பொத்தினாலும் கேட்கிறது, அப்படியானால் உள்ளேதான். சரி, உள்ளேதான். ஆனால் உள்ளே இவ்வளவு பெரிதாக ஓடிக்கொண்டிருந்தால் வெளியே ஊதுவது எப்படித் தெரியும். கொக்கு பறந்தால் எழுந்துவிடலாம் என்று வைத்துக்கொள்கிறேன். கொக்குக்குக் காது உண்டா. உண்டுதான், அதற்கென்ன, தறியா ஓட்டியது. கொக்கைப் பார்க்கிறேன், தக்கையைப் பார்க்கிறேன், கொக்கு, தக்கை, கொக்கு. பாறையின் விளிம்பில் ஈரம் ஏறியிருக்கிறதோ. முன்பே இருந்த ஈரம்தான். இல்லை, நான் செருப்பைக் கழுவின ஈரம். நான் செத்துப் போனால் கோகிலாவை அந்த வீட்டில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அவள் ஆயுசுக்கும் அந்த ராடைப் பார்த்து அழுவாள், மாப்பிள்ளை நான்தானே வாங்கிக் கொடுத்தேன் என்று ஒடிந்துபோவார். எழுந்துவிடுகிறேன். இதோ எழுந்துவிட்டேன் என்று கையை ஊன்றும்போது தக்கை ஒரு துள்ளு துள்ளி, நின்று, சரேலென்று உள்ளே போகிறது.

அம்மாடி. தூண்டில் நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது, ரீல் கையில் அதிர்கிறது, அந்தச் சத்தம் கேட்காவிட்டால் என்ன, முழங்கைவரை தெரிகிறது, இது கெண்டை இல்லை, கட்லா, பெரிய கட்லா, மடுவிலேயே கிடந்து வளர்ந்த கிழம். விடு, கொஞ்சம் விடு, இப்போது இழு. இவ்வளவு நாள் உட்கார்ந்ததற்கு ஆறு கொடுக்கிறது, கும்பிட வேண்டும், இரண்டு கையும் ராடில் இருப்பதால் மனசால் கும்பிடுகிறேன். முதுகு ஒருமுறை மேலே வந்து கறுப்பாகப் புரண்டது. பேத்தியைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கலாம். சம்பந்தி வீட்டுக்குத் தலை, நமக்கு வால். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அப்போது அதன் மூக்குக்கு நேராகத் தண்ணீர் குழிகிறது. கல். மீன் வெறி பிடித்த மாதிரி ஒரு புரட்டு புரட்டி, ராடு லேசாகிவிட்டது. நரம்பு காற்றில் ஆடுகிறது, முனையில் ஒன்றுமில்லை. இன்னொரு கல். போன மீனுக்கும் ஒரு கல்லா. எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. சம்பந்தியாவது ஒன்றாவது, இன்றைக்குக் கேட்டுவிடப் போகிறேன், நீ மனுசனா என்று கேட்கப் போகிறேன், ஆமாம் நீ என்றுதான், வார்த்தை வாய்க்குள் உருண்டுகொண்டு நிற்க, நான் திரும்புகிறேன்.

நாச்சிமுத்து மரத்தடியில் இல்லை. முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறார். வாயில் விசில். கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, முகம் செங்கல்லாகச் சிவந்திருக்கிறது, ஊதுகிறார், ஊதுகிறார், மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் ஊதுகிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சின்ன கீச்சுகூட இல்லை. பழுதான விசிலை எவனாவது இப்படி ஊதுவானா. விசிலைத் துப்பிவிட்டு வாயைத் திறக்கிறார், தறிக்கூடத்தில் பழகின கண் அந்த உதட்டைப் பிடித்துக்கொள்கிறது, பல் தெரிகிறது, பிறகு உதடு குவிகிறது. சங்கு. சங்குங்க சம்பந்தி. அந்த நேரத்திலும் அந்த மனிதர் ங்க போடுகிறார். கொக்கு எப்போது போனதென்று தெரியவில்லை, துவைகல்லே பாதிதான் வெளியே இருக்கிறது. செருப்பை விட்டேன், மைதாவை விட்டேன், ராடை மட்டும் எப்படியோ விடவில்லை, இறங்கினால் கணுக்கால் இருந்த இடத்தில் தொடை, தண்ணீர் என்னை ஆளாகவே மதிக்கவில்லை, பக்கவாட்டில் தள்ளுகிறது, கால் பாசியில் போகிறது. அவர் இன்னும் உள்ளே வருகிறார். முட்டி வலிக்காரர் இடுப்புவரை வந்துவிட்டார். தன் ராடை நீட்டுகிறார், நான் என் ராடை நீட்டுகிறேன், எட்டவில்லை, இன்னும் ஓர் எட்டு, அவர் ராடின் நுனியைப் பிடித்தேன், அது ஒடிந்தது, அதற்குள் அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் ஆட்களைத் தூக்கி ஏற்றின கை. கரையில் இருவரும் மருத வேரைக் கட்டிக்கொண்டு கிடந்தபோது என் பாறை இருந்த இடத்தில் தண்ணீர் ஒரு சுழிப்போடு போய்க்கொண்டிருந்தது.

மூச்சு வரட்டும். வருகிறது. மூச்சு வருவதே எவ்வளவு பெரிய விஷயம், வெயில் முதுகில் விழுகிறது, வேட்டி உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது, பக்கத்தில் சம்பந்தி மல்லாந்து கிடக்கிறார், அவர் தொப்பை ஏறி இறங்குகிறது, அதையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு விசில் நின்றது. நிற்கவில்லை, எனக்குத்தான் நின்றது. அவர் அன்றைக்கு ஊதியிருப்பார், நான் திரும்பியிருக்க மாட்டேன், மறுபடி ஊதியிருப்பார், பிறகு விசிலைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார், பிறகு என்னைப் பார்த்திருப்பார். கேட்டிருக்கலாம். உங்களுக்குக் காது போயிடுச்சுங்களா என்று பெண் கொடுத்தவனைப் பார்த்து எந்தச் சம்பந்தி கேட்பார். என்மேல் கல்லைப் போட்டிருக்கலாம், சம்பந்திமேல் கல்லெறிய முடியுமா, அதனால் என் கண் எங்கே இருக்குமோ அங்கே எறிந்தார். நல்ல பாறையை விட்டுவிட்டு, அணையும் நானும் ஒன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துத் தவளைக் குட்டையில் உட்கார்ந்தார், இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவர் மீன் பிடிக்கவே இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொறாமை என்றேன். என் பெண் போய்ச் சேர்ந்த வீடு இது, சாமி, உனக்கு நான் என்ன செய்வேன். அவர் எழுந்து பையை எடுத்து மடியில் வைக்கிறார், துவட்ட அதிலிருந்து துண்டை இழுக்கும்போது ஏதோ உருண்டு விழுகிறது, கூழாங்கல், பின்னாலேயே இன்னொன்று. இந்தக் கரையில் கூழாங்கல் ஏது, வெறும் சேறும் வேரும்தான். வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறார், சம்பந்தியம்மா செடித்தொட்டியில் அடுக்கி வைத்திருந்த வெள்ளைக் கல், எனக்கு அடையாளம் தெரிகிறது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். துண்டை அதன்மேல் போட்டு மூடினார். பிறகு என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, நிதானமாக, உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி, 'கல்லு கை தவறிப் போச்சுங்க சம்பந்தி. பெரிய மீனு. மன்னிச்சுக்கோங்க' என்றார்.

இப்போதும் அவர் எனக்கு வழி விட்டு நிற்கிறார், ஆமாங்க, பரவால்லீங்க என்று சொன்னால் போதும், இன்னும் கொஞ்ச நாள் ஒன்றும் தெரியாதவர்களாகவே இருக்கலாம். நன்றி என்று சொல்லலாமா, அது மேடையில் சொல்கிற வார்த்தை, சம்பந்திக்குள் சொன்னால் ஏதோ கணக்கு முடித்த மாதிரி ஆகிவிடும். நான் துண்டை விலக்கினேன். விழுந்த கல்லைப் பொறுக்கி ஒவ்வொன்றாக அவர் பைக்குள் போட்டேன், பெரிதாக இருந்த ஒன்றைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். 'எனக்குக் காது கேக்கறதில்லீங்க சம்பந்தி' என்றேன். என் குரல் எவ்வளவு பெரிதாக வந்தது என்று எனக்குத் தெரியாது, அவர் கண் கலங்கினதைப் பார்த்தால் சரியாகத்தான் வந்திருக்க வேண்டும். 'தெரியுமுங்க' என்றது உதடு. 'சாயங்காலம் வசந்தாமணி கோயிலுக்குப் போயிட்டு வந்துருவா. சொல்லிப் போடறனுங்க. ஒண்டியா ஆத்துக்கு வுட மாட்டா. நீங்க கூட இருக்கறீங்கன்னு சொன்னாத்தான் வுடுவா.' அவர் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து இந்த மனிதரிடம் நான் ஒரு குறையும் சொன்னதில்லை, வாயைக் கட்டிக்கொண்டே காலம் தள்ளியாயிற்று, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எடுத்து வைத்திருந்த பெரிய கல்லை அவர் கையில் வைத்தேன்.

'இத்தாச்சோடு வேண்டாமுங்க சம்பந்தி,' என்றேன். 'இனிமே கொஞ்சம் சின்னதாப் பாத்துப் போடுங்க. மீனு ஓடிருதுங்க.'

அவர் சிரித்தார். சத்தம் எனக்கு வரவில்லை, பல் அத்தனையும் தெரிந்தது.